அண்ணாச்சி மாற்றிக் கொடுத்த பிரேக்

பக்கத்து வீட்டு அண்ணாச்சியைப் பற்றி யாரிடமும் குறை சொல்ல முடியாது. நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் அவர் பக்கம்தான் போய் நின்றார்கள். "கூப்பிடாமலே ஓடி வந்து உதவி செய்யுத மனுஷனைப் போயி இப்படிச் சொல்லுதியே" என்று என் அம்மாவே கேட்டாள். கூப்பிடாமலே ஓடி வருவதுதான் குறை என்பதை அவளுக்கு என்னால் கடைசிவரை புரியவைக்க முடியவில்லை.

திருநெல்வேலி டவுனில் அந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோன அன்றே வந்துவிட்டார். நான் ஸ்டூல் போட்டு ஏறி, ஹாலில் பல்பு மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி ஒரு பளிச்சென்ற முகம். யார் என்று கேட்பதற்குள், "நகரு தாயி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நான் இறங்கினேன். அவர் ஏறினார். ஸ்டூல் ஆடியதால் அதை நான் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பல்பு உள்ளே சரியாக உட்காராமல் அவர் கையோடு வந்தது, பிறகு தரையில் விழுந்து உடைந்தது. கண்ணாடித் துண்டுகளையும் என்னைப் பெருக்க விடவில்லை. அதையும் அவரே பெருக்கினார். ஒரு வாரத்துக்கு அந்த ஹாலில் வெறுங்காலோடு நடக்கப் பயமாக இருந்தது.

அரசாங்க ஆபீசில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றுப் பாசனத்தில் ஒரு காலத்தில் நிலம் இருந்த குடும்பம். ஆனால் அவர் வரப்பில் கால் வைத்ததே அறுவடை பார்க்கத்தான் என்று அவரே சொல்வார். கைகள் இரண்டும் பூ மாதிரி இருக்கும். ஸ்பேனர், சுத்தியல், திருப்புளி எதைப் பிடித்தாலும் அது அவர் கையில் விருந்தாளி மாதிரிதான் உட்கார்ந்திருக்கும். வேலை தெரியாதது ஒரு குற்றமா? இல்லை. எனக்கும் எத்தனையோ தெரியாது. ஆனால் ஒரு பெண்பிள்ளை ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா நிற்க முடியாது. அது அவருக்கு உடம்பிலேயே என்னவோ செய்யும். பரிதாபப்பட்டு, பதறி, வாங்கி, கெடுத்து, பிறகு வேறு யாரையாவது கூட்டிவந்து சரிசெய்வார். அந்த வேறு ஆளுக்கு அவர் வீட்டிலிருந்துதான் காப்பி வரும். இவ்வளவும் செய்கிறவரை எப்படித் திட்டுவது?

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். அண்ணாச்சி வீட்டுக்காரி மதினிதானே. ஒல்லியான, சத்தமில்லாத பெண்மணி. அண்ணாச்சி அவளை ஒரு நாளும் அதட்டியதில்லை, ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. தெருவில் மற்றப் பெண்கள் பொறாமைப்படும் அளவுக்குத் தாங்கினார். தேங்காய் உடைப்பது அவர். மருந்துச் சீட்டைப் படித்து மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைப்பது அவர். பஸ்ஸில் ஜன்னலை ஏற்றுவதும் இறக்குவதும் அவர்தான். ஒரு தடவை மதினிக்குத் தலைசுற்றல் என்று நானும் கூடப் போனேன். டாக்டர் என்ன கேட்டாலும் பதில் அண்ணாச்சியிடமிருந்துதான் வந்தது. "எப்போதிருந்து சுத்துது?" "வெள்ளிக்கிழமையில இருந்து டாக்டர்." "எந்திரிக்கையில சுத்துதா, படுக்கையில சுத்துதா?" "எந்திரிக்கையிலதான்." கடைசியில் டாக்டர் மதினியைப் பார்த்து, "நாக்கை நீட்டுங்க" என்றார். அண்ணாச்சி நாக்கை நீட்டினார். டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள், நானும் சிரித்தேன். அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மதினி மட்டும் சிரிக்காமல் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஆடி அமாவாசைக்கு அவர்கள் இருவரையும் என் காரில் பாபநாசம் கூட்டிப்போனேன். கூட்டிப்போனது நான் என்பதை அங்கே யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். முன்சீட்டில் உட்கார்ந்த அண்ணாச்சிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் வழி முழுக்க அவர்தான் ஓட்டினார். எதிரே லாரி வந்தால் அவர் கால் தரையை அழுத்தும். வளைவில் நான் இண்டிகேட்டர் போட்ட பிறகும் ஜன்னல் வழியே கையை நீட்டிக் காட்டுவார். "பைய தாயி, பைய. அங்கன மாடு நிக்கி." மாட்டை நான் பார்த்துவிட்டேன் அண்ணாச்சி என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியது. படித்துறையில் தண்ணீர் அன்றைக்குக் கணுக்கால் அளவுதான். மதினி புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு இறங்கப் போனாள். அண்ணாச்சி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இழுத்துட்டுப் போயிரும். நீ இங்கன இரி." படியில் அவளை உட்காரவைத்து, சொம்பில் மொண்டு மொண்டு அவரே அவள் தலையில் ஊற்றினார். ஆறு பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்க, மதினி குளியலறையில் குளிப்பதுபோலக் குளித்துவிட்டு எழுந்தாள். எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர்மேல் உண்மையான எரிச்சல் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ராதாபுரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்துக்குப் போன அண்ணாச்சி மறுநாள் வரை திரும்பவில்லை. காலையில் மதினி எங்கள் வீட்டுக்கு ஒரு குடத்தோடு வந்தாள். மோட்டார் போட அவளுக்குத் தெரியாதாம். அந்த வீட்டில் முப்பது வருஷமாக இருக்கிறாள். நான் போய்ச் சுவிட்சைக் காட்டினேன். அவளே போட்டாள். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும், கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தாள். தொட்டி நிறைந்து வழிந்தது. அதை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி வந்ததும் நான் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஈரக்கையோட தொட்டிருந்தா என்ன ஆயிருக்கும் தாயி?" அந்த வாரமே சுவிட்சுக்கு மேல் ஒரு மரப்பெட்டி அடித்துப் பூட்டுப் போட்டுவிட்டார். சாவி அவர் அரைஞாணில் தொங்கியது. 

இனி காருக்கு வருகிறேன்.

அது என் அப்பா ஓட்டிய டீசல் கார். மீட்டர் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகுதான் என் கைக்கு வந்தது. நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் பாபநாசத்துக்குப் பக்கத்தில். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், அம்பை என்று தினமும் போய் வர வேண்டும். பஸ் உண்டு. ஆனால் எனக்கு அந்தக் கார் வேண்டும். காலையில் அதில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினால், சாயங்காலம் வரை என்னை யாரும் எங்கேயும் கூட்டிப்போகவில்லை, நானே போகிறேன் என்று இருக்கும். இதை வெளியே சொன்னால் திமிர் என்பார்கள். திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களாகப் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறியது. முன்சக்கரத்திலிருந்து இரும்போடு இரும்பு உரசும் சத்தம். ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. "சார் நம்பர் குடுங்க டீச்சர், நான் சார்ட்ட பேசிக்கிடுதேன்" என்றார். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். ஓட்டுகிறவள் எதிரே நிற்கிறேன், பேச்சு கடல் தாண்டிப் போகிறது. அவர் அங்கிருந்து எல்லாம் கேட்டுவிட்டு, இரவு எனக்குப் போன் போட்டார். "டிஸ்க்கெல்லாம் தேய்ஞ்சு போச்சாம். பழைய வண்டி, ஒண்ணு போனா ஒண்ணு வரும். வித்துருவோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என் தம்பி வந்து எடுத்துட்டுப் போவான்." நான் சண்டை போட்டேன். கடைசியில், "சரி, தம்பி ஓட்டிப் பாக்கட்டும். நல்லா இருந்தா நீயே வச்சிக்க. இல்லன்னா அன்னைக்கே கொண்டு போயிருவான்" என்று இறங்கி வந்தார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பிரேக் சரியாக வேண்டும். மறுபடி ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் மறுபடி மஸ்கட்டுக்குத்தான் போன் போகும். சக்கரத்துக்குப் பின்னால் வட்டமாக ஒரு இரும்புத் தட்டு. அதுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் பேடு கவ்விப் பிடித்தால் வண்டி நிற்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உராய்வு நடத்துகிற எனக்கு இது புரியாதா? ராத்திரி ராத்திரியாக வீடியோ பார்த்தேன். எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டையில் போய்ப் புது டிஸ்க், பேடு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பாட்டில் பிரேக் ஆயிலும் வாங்கி வந்தேன். அப்பாவின் கருவிப் பெட்டியும் ஜாக்கியும் இருந்தன. ஞாயிறு காலை பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு போர்ட்டிகோவில் இறங்கினேன்.

முதல் நட்டைத் தளர்த்தும்போதே கேட் சத்தம் கேட்டது.

"என்ன தாயி செய்யுத?"

சொன்னேன்.  கருவிகளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். தெருவில் போகிறவர்கள் நான் காருக்கடியில் கிடப்பதைப் பார்ப்பார்களே என்பதுதான் அவருக்கு முதல் கவலை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் மதினியின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து கேட்டில் திரை கட்டினார். அதுவரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. திரை கட்டிய பிறகு எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பால்காரர் நின்று, "உள்ள என்ன விசேஷம் அண்ணாச்சி?" என்று கேட்டார். திரையால் வெளிச்சமும் போய்விட்டது.

"நகரு தாயி."

"அண்ணாச்சி, நானே பாத்துக்கிடுதேன். நீங்க உக்காருங்க."

"நான் இருக்கையில நீ எதுக்குக் கஷ்டப்படணும்?"

ஒவ்வொரு நட்டுக்கும் இந்தப் பேச்சு. பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் போல்ட் பழைய வண்டி என்பதால் அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்றேன். அவர் பதறிப்போய் என்னைக் கீழே இறக்கிவிட்டுக் குழாயை வாங்கினார். இழுத்தார். குழாய் நழுவி அவர் விரலைச் சுவரில் தேய்த்தது. மஞ்சள்தூள் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து மறுபடி நின்றார். நான் மறுபடி ஏறி மிதித்தேன். போல்ட் 'கிறீச்'சென்று இளகியது. "நான் இளக்கி வச்சிருந்தேன், அதான் ஈசியா வந்துட்டு" என்றார். நான் அடுத்த போல்ட்டுக்குக் குழாயைச் சொருகினேன். 

துருப்பிடித்த பழைய டிஸ்க்கைச் சுத்தியலால் தட்டித் தட்டி இரண்டு பக்கமும் எடுத்தேன். ஓரத்தில் விளிம்பு கட்டி, நடுவில் வரிவரியாகத் தேய்ந்து கிடந்தன. இவ்வளவு மோசமாகவா ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே பயமாக இருந்தது. காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, கை கழுவி ஒரு வாய் தண்ணீர் குடித்துவர உள்ளே போனேன். அவ்வளவுதான் போனேன்.

திரும்பி வந்தபோது இரண்டு புது டிஸ்க்கும் வாழை இலைமேல் இருந்தன. ஒவ்வொன்றிலும் மும்மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பொட்டு வைப்பதற்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார். சும்மா இல்லை, பச்சைப் பிள்ளைக்குத் தடவுவதுபோல இடுக்கெல்லாம் விட்டு, மின்ன மின்னத் தடவியிருக்கிறார். இன்னும் பஞ்சும் கையுமாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

"புதுப் பொருளு தாயி. அப்படியே மாட்டக் கூடாது. எண்ணெய் போட்டா துருவும் ஏறாது."

அவர் வீட்டில் தாழ்ப்பாள், பூட்டு, கிணற்று உருளை, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் எண்ணெய் போடுகிறவர். பிரேக் ஒன்றுக்குத்தான் எண்ணெய் ஆகாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அப்படியே மாட்டியிருந்தால் முதல் மாட்டைக் கண்டு நான் மிதிக்கும்போது கார் நிற்காது. அதைச் சொன்னேன். சொன்னேன் என்பதைவிடக் கத்தினேன். அவர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இன்னும் நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்றும் இருந்தது.

சத்தம் கேட்டு மதினி வந்திருந்தாள். டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள். "இந்த எண்ணெயை எடுக்கணுமா பிள்ள?" என்றாள். ஒன்றை அவள் தூக்கிக்கொண்டாள், ஒன்றை நான் தூக்கிக்கொண்டேன். கொல்லையில் துவைக்கிற கல்லில் வைத்துத் தென்னைநார், பாத்திரம் தேய்க்கிற சோப்பு, சுடுதண்ணீர் போட்டுத் தேய்த்தோம். அவள் தேய்த்த தேய்ப்பில் என்னுடையதைவிட அவளுடையது சுத்தமாக இருந்தது. துணியால் துடைத்துப் பெட்ரோல் போட்டு மறுபடி துடைத்தோம். "இது எதுக்கு, அது எதுக்கு" என்று கேட்டுக்கொண்டே செய்தாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வாசல் பக்கமிருந்து, "அவளுக்குக் கை புண்ணாயிரும் தாயி" என்று குரல் வந்துகொண்டிருந்தது.

டிஸ்க்கோடு முன்பக்கம் வந்தால், தரையில் சொட்டுச் சொட்டாக என்னவோ விழுந்து பரவியிருக்கிறது. பிரேக் ஆயில். அண்ணாச்சி கையில் சின்ன ஸ்பேனர்.

"பெரிசையெல்லாம் நீயே கழட்டிட்ட. இது ஒண்ணு சின்னதா, ரப்பர் மூடி போட்டு மிச்சம் இருந்துச்சு. உனக்குச் சிரமம் வேண்டாம்னு கழட்டி வச்சேன்."

அவர் கழற்றியது காலிப்பரில் காற்று எடுப்பதற்கென்று இருக்கும் நிப்பிள். அதைத் திறந்தால் ஆயில் இறங்கும், ஆயில் இறங்கினால் உள்ளே காற்று ஏறும், காற்று ஏறினால் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போய்விடும். டிஸ்க் மாற்றுவதற்கு இது தேவையே இல்லை. ஒரு வேலை இரண்டு வேலையாயிற்று. நான் ஆயில் மேலேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அழவில்லை, ஆத்திரத்தில் அழுதேன். அவர், "அழாத தாயி, அழாத" என்று எனக்குத் துண்டால் விசிறினார்.

அழுது முடித்துவிட்டு, நிப்பிளை இறுக்கி, டிஸ்க்கையும் பேடையும் மாட்டி, வாங்கி வைத்திருந்த ஆயிலை ஊற்றினேன். இனி காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்து அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது மற்றவர் நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். அண்ணாச்சியை உட்காரவைத்து இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். தலையாட்டினார். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்தேன்.

"மிதிச்சுப் பிடிங்க அண்ணாச்சி."

மிதித்தார். நான் திறந்தேன். குமிழி குமிழியாக வந்தது. அடுத்த நிமிஷம் 'சொர்ர்' என்று உள்ளே இழுத்தது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணாச்சி என் தலைமாட்டில் நிற்கிறார்.

"கை வலிக்கா தாயி? குடு, நான் திருப்புதேன்."

போங்க, போய் உட்காருங்க என்று அனுப்பினேன். மறுபடி மிதித்தார், மறுபடி இறங்கி வந்தார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒரு இடத்தில் உட்கார்ந்து, தனக்குச் சொன்ன ஒன்றை மட்டும் செய்துகொண்டிருப்பது அந்த மனிதரால் முடியாது. நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.  அவர் கேட்டுக்கு அந்தப்பக்கம் போய் மஸ்கட்டுக்கு, என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். சேலைத் திரை வழியே ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"தம்பி, நான்தான். பிள்ள ரொம்பக் கஷ்டப்படுது. இது பொம்பளப் பிள்ளைகளால ஆகுத காரியமா? நீங்க வண்டிய வித்துருங்க. நாளைப்பின்ன ஒண்ணு ஆச்சுன்னா மனசு தாங்காது."

அப்படியே போய் அந்தப் போனைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்த மதினியைக் கூப்பிட்டேன்.

"மதினி, இதுல ஏறி உக்காருங்க."

அவள் தன் கையைச் சேலையில் துடைத்தாள். காரைச் சுற்றி வந்து, அந்தப் பக்கத்துக் கதவைத் திறக்கப் போனாள். இங்கே, இந்தப் பக்கம் என்றேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். எந்தப் பெடல் என்று காட்டினேன். "நான் சொல்லுத வரைக்கும் காலை எடுக்கக் கூடாது. யாரு என்ன சொன்னாலும்."

"சரி பிள்ள" என்றாள்.

அவள் மிதித்தாள். நான் திறந்தேன், மூடினேன். விடுங்க என்றேன், விட்டாள். மிதிங்க என்றேன், மிதித்தாள். அவ்வளவுதான் வேலை. குமிழி குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக ஒரு தடவை, நிப்பிள் திறந்திருக்கிறது, ஆயில் சுத்தமாக வந்துகொண்டிருக்கிறது, அப்போது அண்ணாச்சி போனை முடித்துவிட்டு உள்ளே வந்தார். டிரைவர் சீட்டில் மதினியைப் பார்த்தார். பாம்பைக் கண்டவர்போல ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"இறங்கு, இறங்கு. உனக்குக் காலு வலிக்கும்."

"விட்டுராதிய மதினி" என்று நான் கீழேயிருந்து கத்தினேன்.

காருக்கடியிலிருந்து பார்த்தால் எனக்குத் தெரிந்தது அண்ணாச்சியின் வேட்டிக் கரையும் இரண்டு பாதமும்தான். ஆயில் தடையில்லாமல் வந்துகொண்டே இருந்தது. அவள் காலை எடுக்கவில்லை. அண்ணாச்சி இன்னொரு தடவை இறங்கு என்றார். அப்போதும் எடுக்கவில்லை. நான் நிப்பிளை இறுக்கி மூடிவிட்டு எழுந்து வந்து பார்த்தேன். அண்ணாச்சி குனிந்து, மதினியின் முழங்கால்மேல் தன் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அவளை இறக்க முடியாததால் அவளுக்குப் பதிலாக அவள் காலை அவர் மிதித்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. அந்த முகத்தில் இருந்தது அன்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"விடலாம் மதினி" என்றேன். விட்டாள். இறங்கிப் போய் உலை வைத்தாள்.

சாயங்காலம் கொழுந்தன் வந்தார். அண்ணாச்சி சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொல்லிவிட்டுத்தான் காரை வெளியே விட்டார். ஜங்ஷன் வரை ஓட்டிப் போய்த் திரும்பிய கொழுந்தன், "பிரேக் சூப்பரா பிடிக்குதே, யாரு மாத்தினது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி மஞ்சள் துணி கட்டிய விரலைக் காட்டினார். "எல்லாம் நம்ம கைவேலைதான். பிள்ளயும் கூடமாட இருந்துச்சு." கொழுந்தன் மஸ்கட்டுக்குப் பேசினார். "அண்ணாச்சி பக்கத்துல இருந்து மாத்தியிருக்காரு, பயமில்ல" என்றார். அண்ணாச்சி பார்த்தது என்றால் சரி, வண்டி இருக்கட்டும் என்று அங்கிருந்து உத்தரவு வந்தது. கார் எனக்கு மிஞ்சியது. ஆனால் நான் மாற்றினேன் என்பதால் மிஞ்சவில்லை. அவர் மாற்றினார் என்று நம்பியதால் மிஞ்சியது. அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

அந்தக் கதையை அண்ணாச்சி விடவில்லை. தெருவில், கோவிலில், கல்யாண வீட்டில் எல்லாம் சொன்னார். நாள் போகப் போக, கதையில் நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவளாகிவிட்டேன். பொய் சொல்கிற மனிதரில்லை அவர். அவருக்கு அது அப்படித்தான் ஞாபகம் இருந்தது. பிறகு அவர்கள் மகனோடு இருக்கப் பெங்களூர் போய்விட்டார்கள். போவதற்கு முந்தைய மாதம் என் வீட்டுக்காரர் விடுமுறையில் வந்திருந்தார். இருவரையும் காப்பிக்குக் கூப்பிட்டோம்.

மதினிக்கு வைத்த காப்பியை அண்ணாச்சி எடுத்து, அவளுக்காக ஆற்றிக்கொண்டே கதையைத் தொடங்கினார். போல்ட், குழாய், விரலில் பட்ட காயம், ஆயில் எல்லாம் வந்தது. "கடைசியில பிரேக்கை அமுக்கிப் பிடிக்க ஆள் வேணும். நான் அமுக்கினேன் பாருங்க தம்பி, காத்து அம்புட்டும் வெளிய வந்துட்டு."

"நீங்க இல்லன்னா அன்னைக்கே வித்திருப்போம் அண்ணாச்சி" என்றார் என் வீட்டுக்காரர்.

"மிதிச்சது நான்" என்றாள் மதினி.

யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. எதிரே இருந்த முறுக்குத் தட்டைப் பார்த்துச் சொன்னாள். அண்ணாச்சி சிரித்தார்.

"ஆமா, ஆமா. அவதான் உக்காந்திருந்தா. பாவம், காலு வலி தாங்க மாட்டாளேன்னு நான்தான் கையைக் குடுத்து அமுக்கினேன்."

மதினி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு வலிக்கல" என்றாள். "நீங்க கேக்கவேயில்ல. எனக்கு வலிக்கவேயில்ல."

அண்ணாச்சியின் கையில் டம்ளர் மேலேயும் டவரா கீழேயுமாக அப்படியே நின்றது. மதினி கையை நீட்டி, பாதி ஆறின அந்தக் காப்பியை அவரிடமிருந்து வாங்கிக் குடித்தாள்.